ஆண்ட்ரோமகே மகனை ஒப்படைக்கும் காட்சி குறித்து

வணக்கம். யூரிப்பிடிஸின் 'டிராய் நகரப் பெண்கள்' நாடகத்தில் வீழ்ந்த டிராயின் இளவரசன் ஹெக்டரின் மனைவி ஆண்ட்ரோமகே, கிரேக்கர்கள் கொல்லக் கேட்கும் தன் மகனைப் போராடாமல் ஒப்படைப்பது பலவீனமாகத் தெரிவதாகவும், அங்கே ஒரு கைகலப்பைச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து சேர்க்க வேண்டாம்.

கிரேக்கப் படையினர் சினம்கொள்ளும்படி ஏதேனும் பேசினால் குழந்தைக்கு அடக்கம்கூடக் கிடைக்காமல் போகலாம் என்று அவர்களின் தூதன் டால்தைபியஸ் அவளை எச்சரிக்கிறான். கணவன் ஹெக்டரைக் கொன்ற அகிலீசின் மகனுக்கே அடிமையாக ஒதுக்கப்பட்டுவிட்டவள், மகனின் உடல் மண்ணில் சேர வேண்டும் என்பதற்காகவே எதிர்த்து நிற்காமல் விடுகிறாள். ஆனாலும் அவள் ஊமையாக நிற்கவில்லை. பிள்ளையின் மேனி மணத்தைச் சொல்லி அழுகிறாள், போருக்குக் காரணமான ஹெலனைச் சபிக்கிறாள், கிரேக்கர்களின் கொடுமையை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். கோபத்தை அந்தச் சொற்களிலேயே நடிகை கொண்டுவர முடியும்.

மதிலிலிருந்து வீசிக் கொல்லப்பட்ட சிறுவனின் உடல் பின்னர் ஹெக்டரின் கேடயத்தில் கிடத்தி வரப்படும்போது, தாயை ஏற்றிய கப்பல் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது. ஆகவே பேரனை அடக்கத்துக்கு ஆயத்தம் செய்வது பாட்டி ஹெகுபாதான். கேடயப் பிடியில் பதிந்த தன் மகன் ஹெக்டரின் கைத்தடத்தையும், விளிம்பில் படிந்த அவன் வியர்வைக் கறையையும் அவள் பார்த்துப் பேசும் வரிகளை அவசரமின்றிச் சொல்லவிடுங்கள். இந்நாடகம் அரங்கேறிய கி.மு. 415-க்குச் சற்று முன்புதான், ஏதென்ஸ் மெலோஸ் தீவின் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கியிருந்தது என்பதை உங்கள் நடிகர்கள் அறிந்திருப்பது நல்லது.

நேரம் போதாவிட்டால், ஹெலன் தன்மேல் பழியில்லை என்று வாதிடும் பகுதியைச் சுருக்குங்கள். கேடயக் காட்சியில் கைவைக்காதீர்கள்.