சிலிக்கா, சிலிக்கான், சிலிக்கோன்: எது எது?

கேள்வி: புதுப் பைக்குள் 'சிலிக்கா ஜெல், உண்ணக் கூடாது' என்று ஒரு பொட்டலம். போன் உறை சிலிக்கோனாம், போனுக்குள் இருக்கும் சிப் சிலிக்கானாம். எல்லாம் ஒன்றா? சிலிக்கா என்றால் என்ன பொருள்?

பதில்: ஒன்றில்லை, ஆனால் ஒரே குடும்பம். மூத்தது சிலிக்கா. லத்தீனில் 'சிலெக்ஸ்' என்றால் சிக்கிமுக்கிக் கல். அந்தக் கல்லில் பெரும்பங்கு இருக்கும் பொருளுக்கு அதிலிருந்தே பெயர் எடுத்தார்கள். (நம் 'சிலை'க்கும் கல் என்ற பொருள் உண்டுதான். ஒலியை வைத்து மட்டும் உறவு கொண்டாட வேண்டாம்.) ஒரு சிலிக்கான் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணு, அதுதான் சிலிக்கா. கொஞ்சம் மணலை உள்ளங்கையில் பரப்பி வெயிலில் பாருங்கள். நிறமில்லாமல் மினுக்கும் துகள்கள் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா.

1789இல் வேதியியலாளர் லவாய்சியர் சிலிக்காவைத் தனிமங்களின் பட்டியலிலேயே சேர்த்தார். ஆனால் உள்ளே வேறொரு தனிமம் ஒளிந்திருக்கலாம் என்ற சந்தேகமும் அவருக்கே இருந்தது. 1808இல் ஹம்ப்ரி டேவி அதைப் பிரிக்க முயன்றார், முடியவில்லை. பெயரை மட்டும் வைத்துவிட்டார்: சிலிசியம். அது சோடியம், பொட்டாசியம் மாதிரி உலோகப் பெயர். இது உலோகமில்லை, கார்பன், போரான் வகையறா என்று 1817இல் தாமஸ் தாம்சன் 'சிலிக்கான்' என மாற்றினார். பிள்ளை பிறக்கும் முன்பே பெயர்ச் சண்டை! 1824இல் பெர்சீலியஸ்தான் அதைப் பிரித்தெடுத்தார். சிப் செய்வது இந்தத் தனிமத்தில்.

சிலிக்கோன் கடைக்குட்டி. கீட்டோன் என்ற கார்பன் சேர்ம வகைக்கு இணையானது என்று கருதி பிரெடரிக் கிப்பிங் வைத்த பெயர். அமைப்பு அப்படியில்லை என்று தெரிந்த பிறகும் பெயர் நிலைத்துவிட்டது. சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி வரும் நீண்ட சங்கிலி, பக்கவாட்டில் கரிமத் தொகுதிகள், அதாவது கார்பன் கொண்ட அணுக்கூட்டங்கள். அதனால்தான் உறை ரப்பர் போல வளைகிறது.

சரி, பொட்டலம். ஜெல் என்கிறார்கள், உள்ளே இருப்பதோ உலர்ந்த மணிகள். கூழாக உருவாக்கி உலர்த்துவதால் அந்தப் பெயர். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளில் ஈரம் போய் ஒட்டிக்கொள்ளும். நிறமற்ற மணிகள் விஷமில்லை. குழந்தை வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும் என்பதுதான் பயம். நீல மணிகள் வேறு கதை. ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாக மாறுவதற்காக அவற்றில் பொதுவாகக் கோபால்ட் குளோரைடு சேர்ப்பார்கள், அது நச்சு. உணவுப் பொருள் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள்.