நாடு முழுக்க இணையம் கொண்டுபோவதில் அறச்சிக்கல் என்ன இருக்கிறது?

கேபிள் இழுத்து, கோபுரம் நட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். சிக்கலே அதற்கப்புறம்தான்.

முதல் கேள்வி, செலவை யார் ஏற்கிறார்கள்? ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டம் சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்தது. எந்தத் தளம் உள்ளே வரலாம் என்ற விதியை வகுத்தது அந்த நிறுவனமே. உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டா கட்டணம் மாறக்கூடாது என்று 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட, இந்தியாவில் அது நின்றுபோனது. 'ஒன்றுமே இல்லாததற்கு இது மேல்' என்பது அப்போது எழுந்த வாதம். ஏழைக்கு மட்டும் வேலி போட்ட இணையம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதைவிடக் கனமான பாடம் மியான்மர். 2014இல் வெளிநாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வந்ததும் சிம் விலை சரிந்தது, பலருக்கு ஃபேஸ்புக்தான் இணையமே என்றானது. ஆனால் பர்மிய மொழியில் வரும் வெறுப்புப் பதிவுகளைக் கவனிக்கப் போதிய ஆளில்லை. அங்குள்ள முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்கள் மீதான வன்முறையைத் தடுக்கப் போதுமான அளவு செய்யவில்லை என்று 2018இல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது.

2021 ராணுவப் புரட்சிக்குப் பின் அங்கே அரசே இணையத்தைத் துண்டித்தது. கண்காணிப்புக்கும் அதே கம்பிகள்தான் வழி. அதனால் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இணைய முடக்கத்துக்கு நீதிமன்றக் கட்டுப்பாடு இரண்டும் இணைப்புக்கு முன்பே வர வேண்டும். பெரும்பாலும் பிறகுதான் வருகின்றன, வந்தால்.