உலைக்கு அரிசி எங்கிருந்து வந்தது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 28. போட்டோகிராபி எங்கும் படித்ததில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய டி.எஸ்.எல்.ஆர், கூடவே வந்த 18-55 ஜூம் லென்ஸ், அவ்வளவுதான் கையில். நான் எடுப்பதெல்லாம் பிசிர் வெட்டும் கைகள், டீக்கடை பெஞ்சுக்கு அடியில் தெரியும் கால்கள், ஹெல்மெட்டுக்குள் வைத்த பூப்பொட்டலம் மாதிரியான படங்கள். "இதையெல்லாம் எவன் பார்ப்பான்?" என்கிறார்கள் வீட்டில். ஆன்லைனில் போட்டால் லைக்கும் வருவதில்லை. அமெரிக்காவில் விவியன் மேயர் என்ற பெண், குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தபடியே படம் எடுத்து உலகப் புகழ் பெற்றதாக ஒரு வீடியோவில் பார்த்தேன். வேலையை விட்டுவிட்டு முழு நேரமாக இறங்கலாமா? மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: வீடியோ உங்களுக்குப் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறது. விவியன் மேயர் உயிரோடு இருந்தவரை அவர் பெயர் யாருக்கும் தெரியாது. 1926-இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1956-இல் சிகாகோ பக்கம் ஒரு வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வீட்டில் அவருக்கென்று தனிக் குளியலறை இருந்தது. அதையே இருட்டறையாக்கி, எடுத்த ஃபிலிமை அவரே கழுவி, பிரிண்டும் போட்டுக்கொண்டார். குழந்தைகள் வளர்ந்துவிட்டதால் 1970-களின் தொடக்கத்தில் அந்த வேலை முடிந்தது. பிறகு வீடு மாறி வீடு மாறி வேலை. கழுவாத ரோல்கள் சேர ஆரம்பித்தது அங்கிருந்துதான். கடைசியில் பெட்டிகளைப் போட்டுவைத்த வாடகைக் கிடங்குக்குப் பணம் கட்ட முடியாமல், 2007-இல் எல்லாம் ஏலத்துக்குப் போயின. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள். அவர் இறந்தது 2009-இல். புகழ் அதற்குப் பிறகு.

அந்த வேலை அவர் கலைக்குக் குறுக்கே நின்றதாகப் பலரும் எழுதுகிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. இருட்டறையையும், குழந்தைகளை அழைத்துக்கொண்டு பகலெல்லாம் தெருவில் நடக்கும் வாய்ப்பையும் கொடுத்ததே அந்த வேலைதான். அது போனதும் எடுப்பது நிற்கவில்லை, முடிப்பது நின்றுபோனது.

தானாகவே கற்றுக்கொண்டு வந்த எந்தப் புகைப்படக்காரரைப் பற்றிப் படித்தாலும் அவர் வீட்டு உலைக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். சைக்கிள், சாப்பாட்டு மேசை, கூரையில் தொங்கும் பல்பு என்று கலரில் எடுத்த வில்லியம் எகிள்ஸ்டன் 1976-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சி வைத்தபோது விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவர் அசரவில்லை, அசரத் தேவையும் இல்லை. மிசிசிப்பியில் பருத்தித் தோட்டம் வைத்திருந்த குடும்பம். (உங்களுக்கும் பருத்திதான் சோறு போடுகிறது, வழிதான் வேறு.) சால் லைட்டர் மதக்கல்வியைப் பாதியில் விட்டு நியூயார்க்குக்கு ஓடிவந்தவர். பத்திரிகைகளுக்கு ஃபேஷன் படம் எடுத்துச் சம்பாதித்தார். மழை வழியும் கண்ணாடி, பனியில் போகும் சிவப்புக் குடை எல்லாம் பெரும்பாலும் வீட்டைச் சுற்றியுள்ள சில தெருக்களில் எடுத்தவை. அந்தக் கலர் படங்கள் ஊருக்குத் தெரியவந்தபோது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது.

ஆகவே வேலையை விட வேண்டாம். உங்கள் ஊரிலேயே லைட்டர் செய்த மாதிரி ஒரு வழி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறோம். முதலில் படங்கள்.

மூன்றில் ஹெல்மெட் படம்தான் நல்லது. பைக் கண்ணாடியில் மாட்டிய ஹெல்மெட், உள்ளே வாழையிலையில் கட்டிய மல்லிகை, கட்டு நூல் மட்டும் வெளியே தொங்குகிறது. அந்த நூல் படத்துக்கு உயிர். ஆனால் பின்னால் இருக்கும் கரண்ட் கம்பம் ஹெல்மெட்டின் உச்சியிலிருந்து முளைத்த மாதிரி நிற்கிறது. லென்ஸை 55-க்கு இழுத்துவிட்டு நின்ற இடத்திலிருந்தே எடுத்திருக்கிறீர்கள். அரை அடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் கம்பம் விலகியிருக்கும். ஜூமைத் திருகினால் சட்டம்தான் சுருங்கும். எது எதன் பின்னால் நிற்கிறது என்பது உங்கள் கால் நகர்ந்தால்தான் மாறும்.

அதனால் மூன்று மாதத்துக்கு ஜூமை மறந்துவிடுங்கள். லென்ஸின் ஜூம் வளையத்தை 24-இல் வைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் பேப்பர் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். 3 மீட்டர் தூரத்தில் உள்ள ஒரு பொருளில் ஆட்டோ ஃபோகஸ் செய்து, உடனே மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். லென்ஸ் துவாரத்தை எஃப் 8-இல் வைத்தால், உங்கள் மாதிரி கேமராவில் சுமார் ஒன்றே முக்கால் மீட்டரிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் வரை எல்லாம் போதுமான தெளிவோடு வரும். ஃபோகஸ் தேடி நேரம் போகாது. ஒரு எச்சரிக்கை: சில புதிய கிட் லென்ஸ்களில் கேமரா தூங்கி எழுந்தால் ஃபோகஸ் இடம் மாறிவிடும். நல்ல படம் எல்லாம் மங்கலாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

வெளியில் நடப்பவர்களுக்கு ஷட்டர் 1/500 விநாடி. உச்சி வெயிலில் எஃப் 8-க்கு ஐ.எஸ்.ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100 சுற்றி நிற்கும். நிழலுக்குப் போனால் 800 கேட்கும். ஆட்டோ ஐ.எஸ்.ஓ போட்டு மேல் வரம்பை 3200-இல் நிறுத்துங்கள். கம்பெனிக்குள் இந்தக் கணக்கு செல்லாது. பிசிர் வெட்டும் படத்தில் குறுக்கே மஞ்சளாக ஒரு பட்டை விழுந்திருக்கிறதே, அது கேமரா கோளாறு இல்லை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ட்யூப் லைட் விநாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கிறது. 1/500-இல் அந்தத் துடிப்பின் ஒரு துண்டுதான் படத்தில் சிக்குகிறது. ட்யூப் லைட்டுக்குக் கீழே 1/100 அல்லது 1/50 மட்டும் போடுங்கள். கை அசைவு கலங்கத்தான் செய்யும். கத்தரி நூலைப் பிடித்ததும் ஒரு கணம் கை நிற்கும், அது ஆறு வருடம் பார்த்த உங்களுக்குத் தெரியும். அப்போது அழுத்துங்கள்.

மேயர் வைத்திருந்த ரோலிஃப்ளெக்ஸ், இடுப்பு உயரத்தில் பிடித்துக் குனிந்து பார்க்கும் கேமரா. ஒரு ரோலுக்கு 12 படம். குனிந்து நிற்பவரைப் பார்த்து எதிரில் இருப்பவர் முகம் அவ்வளவாக இறுகாது. கீழிருந்து எடுப்பதால் ஆள் நிமிர்ந்து தெரிவார். உங்கள் கேமராவையும் இடுப்பில் பிடித்துப் பார்க்கலாம், ஃபோகஸ்தான் ஏற்கெனவே பூட்டியிருக்கிறதே. ஷட்டரை அழுத்தும்போது கேமரா வலப்பக்கம் சாயும். கழுத்து வாரைச் சுருக்கி, விறைப்பாக இழுத்துப் பிடித்து அழுத்தினால் சரியாகும். ஒளித்து எடுப்பதற்கான வித்தையாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனிக்குள் எடுக்க முதலாளியிடம் கேட்டே ஆக வேண்டும். ஏற்றுமதி ஆர்டரில் பையருடைய லேபிள் படத்தில் விழுந்து வெளியே போனால் சிக்கல் உங்களுக்கு மட்டும் இல்லை. உடன் வேலை செய்யும் பெண்களிடம் படத்தைக் காட்டுங்கள், ஆளுக்கொரு பிரிண்ட் கொடுங்கள், வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள்.

லைக் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கைபேசித் திரையில் கட்டைவிரல் அளவுக்குத் தெரியும் படத்தில் அந்த மல்லிகை நூல் எங்கே தெரியும்? மாதம் 20 படம் தேர்ந்தெடுத்து 4×6 பிரிண்ட் போடுங்கள். பிரிண்ட் போடும் லேபில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்பது. மெஷின் இருட்டை எல்லாம் சாம்பலாக வெளுக்கும். இன்னொன்று, போனில் எடுத்தது இருந்தால் வெட்டாமல் போடச் சொல்வது. போன் படம் 4:3. 4×6 தாளை நிரப்பினால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும், பெரும்பாலும் தலைதான் போகும். பிரிண்ட்டுகளைத் தரையில் பரப்பி ஒரு வாரம் விடுங்கள். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். ஒரு பொருளை ஒரே ஒரு தடவைதான் எடுப்பது எகிள்ஸ்டன் வழக்கம். இரண்டில் எது நல்லது என்று குழம்ப வேண்டாம் என்பதற்காக.

ஃபைல்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். மெமரி கார்டும் பென் டிரைவும் சேமிப்பு ஆகாது. தேதியும் இடமும் ஃபோல்டர் பெயரில் வரட்டும். எது எங்கே இருக்கிறது, பாஸ்வேர்டு என்ன என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். மேயரின் நெகட்டிவை ஏலத்தில் எடுத்தவர்களுக்கு அதன் காப்புரிமை சேரவில்லை. அது யாருக்கு என்று சிகாகோவில் பல வருடம் வழக்கு நடந்தது.

இப்போது பணம். சின்ன கம்பெனிகள் ஆன்லைனில் டி-ஷர்ட் விற்கப் படம் தேடுகின்றன. தரையில் வெள்ளைத் தாள், துணிக்கு நேர் மேலே கேமரா, இரு பக்கமும் 45 டிகிரியில் ஒவ்வொரு சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் பெட்டி விளக்கு), எஃப் 8, ஐ.எஸ்.ஓ 100, டிரைபாட். கேமரா ஒரு பக்கம் சாய்ந்தால் சட்டையின் ஒரு தோள் பெரிதாகத் தெரியும், ஸ்பிரிட் லெவல் வைத்துச் சரிபாருங்கள். ஆர்டர் திரும்பி வருவதற்குக் கலரும் ஒரு காரணம். மலிவான எல்.இ.டி-யில் சிவப்புச் சாயம் செத்துப்போகும். சி.ஆர்.ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 95-க்குக் குறையாத விளக்கு வாங்குங்கள், ஒவ்வொரு செட்டிலும் முதல் படத்தில் கிரே கார்டு (சாம்பல் நிற அட்டை) வைத்து ஒயிட் பேலன்ஸ் (விளக்கின் நிறச் சாயலைச் சரிக்கட்டும் அளவு) எடுங்கள். சாயத்தைக் கண்ணால் பிரித்துப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, ஊரில் பல போட்டோகிராபர்களுக்கு அது கிடையாது. ஞாயிறு மட்டும் எடுங்கள். மாதக் கூலி உங்கள் சம்பளத்தைத் தொடர்ந்து ஒரு வருடம் தாண்டினால், வேலையை விடுவது பற்றி மறுபடி எழுதுங்கள். நம் 1957 காப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் காசு கொடுத்தவருக்குச் சொந்தம். உங்களுக்காக நீங்கள் எடுத்த படம் உங்களுடையது. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போடாதீர்கள்.

ஹெல்மெட் படத்தை மறுபடி எடுத்தால் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், அது படத்தை நசுக்கிவிடும். பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புங்கள்.