பதில்: ஏரிக் குழுவின் சுவரொட்டியில் கொம்பு இடம் மாறுகிறது

வணக்கம். ஊர் ஏரியைத் தூர்வாரும் குழுவுக்குச் சுவரொட்டி செய்கிறீர்கள், அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் 'ஏரியைக் காப்போம்' என்று ஒட்டினால் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, கோளாறு அதில் இல்லை. பிரிஃபரன்ஸஸில் 'டைப்' பகுதிக்குப் போய், இந்திய மொழிகளுக்கான 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். அப்புறம் உரையைத் தேர்வு செய்து, பாராகிராஃப் பலகத்தின் மெனுவில் எழுத்துகளைக் கோத்து அடுக்கும் கம்போஸரை 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்பதற்கு மாற்றுங்கள். 'ப்போ'வின் கொம்பு உடனே முன்னால் வந்து உட்காரும்.

அடுத்த ஆபத்து அச்சகத்தில். பல இடங்களில் இன்னும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள்தான். அவற்றின் குறியீட்டு முறை வேறு; இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடில் உள்ள உங்கள் கோப்பை அங்கே திறந்தால் எழுத்து மறுபடி உடையலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ அழுத்தி எழுத்துகளை அவுட்லைனாக்கி, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக்கி, பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். அதற்கு முன் ஒரு பிரதியை அவுட்லைன் செய்யாமல் பத்திரமாக வையுங்கள். கடைசி நேரத்தில் தேதி மாறும், நிச்சயம் மாறும்.

ஆஃப்செட் அச்சு என்றால் கோப்பின் நிறமுறை சிஎம்ஒய்கே, அதாவது நான்கு அச்சு மைகளின் கலவை. திரையில் மின்னும் பச்சை தாளில் மங்கும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்துருவுக்குக் காசு வேண்டாம். முக்த மலர், பலூ தம்பி இரண்டும் இலவசம், தலைப்புக்குப் பலூ தம்பி நன்றாக இருக்கும்.

ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிரமுகர்களின் முகங்களை வரிசையாக வைக்கச் சொல்வார்கள். அந்த இடம் தேதிக்கும், எந்தக் கரையில் ஒன்றுகூட வேண்டும் என்பதற்கும் வேண்டும். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து அவற்றை வாசிக்க முடிந்தால்தான் ஆள் வருவார்கள்.