கதிரையை விட்டேன், கோபம் விடவில்லை (வாசகர் கடிதம்)

அன்பின் தம்பி,

உங்கள் பத்திகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியன். எங்கள் மெதடிஸ்த சபையில் பல வருஷமாகப் பாடகர் குழுவை நடத்திவந்தேன். ஆர்மோனியம் வாசிப்பதும் நான்தான். போன வருஷம் சபைக் கூட்டத்தில் அந்தப் பொறுப்பை வாலிபரிடம் கொடுப்பதாக முடிவெடுத்தார்கள். முன்கூட்டி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எழுந்து "கர்த்தருடைய சித்தம், எனக்குச் சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த ஞாயிறு போதகர் தாழ்மைக்கு உதாரணமாக என் பெயரைப் பிரசங்கத்தில் சொன்னார்.

உண்மை வேறு. கீபோர்ட் சத்தம் கேட்டாலே உள்ளே கொதிக்கிறது. பின் வாங்கில் இருந்துகொண்டு பிழை பிடிக்கிறேன். ஜெபிக்க முழங்காலில் நின்றால் அந்தக் கூட்டம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. பொறுப்பெடுத்த பெடியன் இரண்டு தரம் வீட்டுக்கு வந்து பழைய கீர்த்தனைகளின் இராகம் கேட்டான். "உங்களுக்குத்தான் யூடியூப் இருக்கே" என்று அனுப்பிவிட்டேன். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த பிறகும் ஏன் சமாதானம் இல்லை? முற்றாக ஒப்புக்கொடுப்பது எப்படி? வேறு சபைக்குப் போய்விடலாமா என்றும் யோசிக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

*

அன்பின் ஐயா,

உங்களிடம் முன்கூட்டிக் கேட்காதது பிழைதான். அதைப் பிழை என்று வாய்விட்டுச் சொன்னால் தாழ்மை போய்விடும் என்ற எண்ணம் நம் சபைகளில் ஊறிக்கிடக்கிறது. வீட்டில் அடிவாங்கிவரும் பெண்ணிடம்கூட "தாழ்மையாயிரு மகள், ஜெபம் பண்ணு" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் தாழ்மையின் கணக்கில் சேர்க்க என்னால் முடியாது.

அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பவுல் அதை எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். "முகமுகமாய்" எதிர்த்தேன் என்று கலாத்தியருக்கு அவரே எழுதுகிறார். பேதுரு என்ன பதில் சொன்னார் என்று அங்கே இல்லை. ஆனால் பேதுருவின் இரண்டாம் நிருபம் பவுலைப் பிரியமான சகோதரன் என்றுதான் அழைக்கிறது. நீங்களும் போதகரிடம் தனியாகப் போய், "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மனம் நொந்துபோனது" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் அடக்கிவைத்ததுதான் கீபோர்ட் சத்தத்தில் வெடிக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, அது மனிதரோடு உள்ள பிரச்சினை. ஆண்டவரோடு உள்ளது வேறு.

நீங்கள் மெதடிஸ்தர். வருஷப் பிறப்பை ஒட்டி, நம்மை ஆண்டவருக்குப் புதிதாக ஒப்புக்கொடுக்க நடக்கும் உடன்படிக்கை ஆராதனை உங்களுக்குப் புதிதல்ல. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1755 ஆகஸ்ட் மாதம் லண்டனில் தொடக்கிவைத்த வழக்கம் அது. அந்த ஜெபத்தில் ஒரு இடம் வரும்: உமக்காக என்னை வேலையில் வைத்தாலும் சரி, உமக்காக என்னை ஒதுக்கிவைத்தாலும் சரி என்ற கருத்தில். சபையாக எழுந்து நின்று சொல்லும்போது அது சிரமமில்லாமல் வாயில் வந்துவிடும். ஒதுக்கிவைக்கப்படுவது ஒரு சபைக் கூட்டமாக, ஒரு தீர்மானமாக, கையுயர்த்தும் வாக்கெடுப்பாக வரும் என்று அப்போது யார் நினைப்பது?

பேதுருவைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். திருமலைக்காரருக்கு அவரை விளங்கப்படுத்தத் தேவையில்லை, திருக்கடலூர் மீனவர்களில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள்: கடல் தெரிந்தவர், வாய் முந்துகிறவர். லூக்கா ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு வரும்போது பேதுருவும் கூட்டாளிகளும் இரவு முழுக்க ஒன்றும் படாமல் கரைக்கு வந்து வலையை அலசிக்கொண்டிருக்கிறார்கள். பிரசங்கங்களில் நாம் தாண்டிப்போகிற விவரம் இது. வலையை அலசி முடித்தால் அன்றைய தொழில் முடிந்தது என்று அர்த்தம். திரும்பப் போட்டால் திரும்ப அலச வேண்டும், பாசியும் குப்பையும் எடுக்க வேண்டும், அதுவும் தூக்கமில்லாத உடம்போடு. அதற்கு மேல், வலையைத் திரும்பப் போடு என்று சொல்கிறவர் கடல் தொழிலாளி இல்லை, நாசரேத்துத் தச்சர். பேதுரு முதலில் முணுமுணுக்கிறார்: இராமுழுவதும் பிரயாசப்பட்டோம், ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம்தான் "ஆகிலும்" என்று போகிறார். மனதுக்குள் கசப்பே இல்லாமல் கீழ்ப்படிந்தார் என்று எழுதியிருக்கவில்லை. கசப்பை அவரிடமே சொல்லிவிட்டு வலையை எடுத்தார்.

நீங்கள் ஜெபிக்க முடியவில்லை என்கிறீர்கள். அந்தக் கூட்டத்தையே ஜெபமாகச் சொல்லிப் பாருங்கள், யார் என்ன பேசினார்கள் என்பது உட்பட. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13ஆம் சங்கீதம் வேதத்துக்குள்தான் இருக்கிறது, யாரும் அதை வெட்டி எடுக்கவில்லை.

இரண்டாவது இடம் யோவான் 13. இயேசு தண்ணீரும் சீலையுமாகக் காலைக் கழுவ வரும்போது பேதுரு, நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது என்கிறார். பார்வைக்குப் பணிவு மாதிரித்தான் இருக்கிறது. இயேசு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இன்னொருவர் காலைக் கழுவப் பேதுருவுக்குச் சொல்லியிருந்தால் முதல் ஆளாக எழுந்திருப்பார் என்பது என் ஊகம். தன் காலை நீட்டிக்கொண்டு சும்மா இருப்பதுதான் அவருக்கு முடியவில்லை. பல வருஷம் மற்றவர்களைப் பாடவைத்த ஒருவர் பின் வாங்கில் இருந்து பாடவைக்கப்படுவதும் அந்த ரகம்தான்.

மூன்றாவது, யோவான் 21. திபேரியாக் கடற்கரையில் விடிகாலைச் சாப்பாடு முடிந்தபிறகு இயேசு பேதுருவிடம், நீ முதிர்வயதாகும்போது வேறொருவன் உன் அரையைக் கட்டி உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்கிறார். அது அவருடைய மரணத்தைப் பற்றிச் சொன்னது, நம்முடைய சபைச் சண்டைகளைப் பற்றி அல்ல. ஆனாலும் அடுத்து நடந்ததைப் பாருங்கள். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கேட்ட கையோடு பேதுரு திரும்பி, பின்னால் வரும் மற்றச் சீஷனைக் காட்டி, "ஆண்டவரே, இவன் காரியம் என்ன" என்கிறார்! இயேசுவின் பதில்: "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா." கீபோர்ட்காரன் வேகமாக வாசிக்கிறான், இராகத்தைக் கெடுக்கிறான் என்று நீங்கள் பின் வாங்கில் இருந்து எண்ணுவது எல்லாம் அந்த "இவன் காரியம் என்ன"தான்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப்போன விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெடியன். நீங்கள் கதிரையை விட்டபோது கைதட்டல் கிடைத்தது, பிரசங்கத்தில் பெயர் வந்தது. எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தேன் என்று எழுதுகிறீர்கள். கதிரையை விட்டீர்கள், இராகத்தை விடவில்லை. அதைக் கொடுத்தால் யாரும் கைதட்டப்போவதில்லை. ஞாயிறு பாட்டு நன்றாக அமைந்தால் "பெடியன் கெட்டிக்காரன்" என்பார்கள், அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. தம்பி என்று அழைத்த உரிமையில் சொல்கிறேன், ஆண்டவர் உங்களிடம் கேட்பது இதுவாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. முற்றாக ஒப்புக்கொடுப்பது எப்படி என்று பெரிதாகக் கேட்டிருந்தீர்கள். பெரிதாக ஒன்றும் எனக்குத் தெரியாது. இந்த ஒன்று தெரிகிறது.

வேறு சபைக்குப் போகலாமா என்றால், போகலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் திருமலையில் எந்தச் சபைக்குப் போனாலும் அங்கேயும் ஒரு கீபோர்ட் இருக்கும்.

அந்தப் பெடியனுக்கு நீங்களே போன் கோல் எடுங்கள், மூன்றாம் தரம் அவன் வரமாட்டான். உங்கள் பாட்டுக் கொப்பியைப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்துத் தப்பிக்கவும் பார்க்காதீர்கள். இராகம் கொப்பியில் இருக்காது, பக்கத்தில் இருத்திப் பாடித்தான் காட்ட வேண்டும்.