பைசாந்திய (கிழக்கு ரோமானிய) அரசவை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அரண்மனையில் பேரரசர் பிள்ளைகள் பிறக்கும் செந்நீல அறையில் பிறந்தவர்தான் பேரரசராக முடியுமா?

பதில்: இல்லை. முதலாம் பசில் குதிரை பழக்கியவர். 867-ல் தன் எஜமானரான பேரரசரைக் கொன்றே அரியணை ஏறினார்.

கேள்வி: பேரரசர் ஜஸ்டினியன் அவையில் செபாஸ்டோக்ராட்டர் பட்டம் பெற்றவர் யார்?

பதில்: யாரும் இல்லை. ஜஸ்டினியன் 565-ல் இறந்தார். அந்தப் பட்டம் 1081-ல் பிறந்தது. மைத்துனர் மெலிசெனோஸுக்குப் பேரரசருக்கு அடுத்ததான சீசர் பட்டத்தை வாக்களித்துவிட்ட பேரரசர் அலெக்சியோஸ் கொம்னேனோஸ், அண்ணன் ஐசக்கை அதற்கும் மேலே உட்கார வைக்கப் புதிதாக உண்டாக்கினார். கேட்குமுன் ஆண்டைப் பாருங்கள்.

கேள்வி: போகாஸ் என்ற பெரிய படைத்தலைவர் குடும்பத்தில் பத்ரிகியோஸ் என்ற உயர் பட்டம் தந்தையிடமிருந்து மூத்த மகனுக்குப் போனதா?

பதில்: மாதம் தவறாமல் இதே கேள்வி! இங்கிலாந்துப் பிரபுக்களைப் பற்றிப் படித்துவிட்டு அதே கண்ணாடியோடு பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டான்டினோபிளுக்குள் நுழைகிறீர்கள். பட்டம் பேரரசர் கையால் கிடைப்பது, பெற்றவரோடு முடிவது. பட்டத்துக்கு அடையாளமாகப் பத்ரிகியோஸுக்குத் தந்தப் பலகை, அவருக்குக் கீழ்ப்பட்ட புரோட்டோஸ்பதாரியோஸுக்குப் பொன் கழுத்தணி. பதவி அதைவிட நிலையற்றது: பேரரசர் நினைத்தால் மறுநாளே போய்விடும். பட்டம் வேறு, பதவி வேறு; எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்குப் போனவை குடும்பப் பெயர், நிலம், சம்பந்தங்கள். இவற்றின் பலத்தில் அடுத்த தலைமுறையும் பட்டம் வாங்கியது உண்மை. ஆனால் நிலமும் அவ்வளவு பத்திரமில்லை. சிரியாவிலிருந்து திரும்பும் வழியில் இரண்டாம் பசில் கப்படோக்கியாவில் (இன்றைய துருக்கியில்) யூஸ்தாதியோஸ் மலெய்னோஸ் என்ற பெருநிலக்காரரின் பண்ணையில் தங்கினார். மனிதர் பேரரசருக்கும் படை முழுவதற்கும் விருந்து வைத்தார். பேரரசர் பாராட்டி, கையோடு தலைநகருக்கு அழைத்துப் போய், சாகும்வரை ஊர் திரும்பவிடவில்லை. செத்ததும் சொத்து கருவூலத்துக்கு. 996-ல் பெருநிலக்காரர்களுக்கு எதிராக வந்த சட்டத்தையும் இதோடு சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: சம்பளம் எப்படிக் கொடுத்தார்கள்?

பதில்: உயர்ந்தவர்களுக்குப் பேரரசரே நேரில். 950 வாக்கில் இத்தாலியத் தூதர் லியுட்பிராண்ட் பார்த்து எழுதியிருக்கிறார்: நீண்ட மேசை நிறையப் பொற்காசுப் பைகள். பத்ரிகியோஸுக்கும் மேற்பட்ட மாகிஸ்ட்ரோஸுக்கு 24 ராத்தல், பத்ரிகியோஸுக்கு 12. படைத்தலைவருக்கும் கடற்படைத் தலைவருக்கும் கிடைத்தவை தோளில் சுமக்க முடியாத கனம்; ஆள் வைத்து இழுத்துப் போனார்களாம்.

கேள்வி: பட்டத்தை விலைக்கு வாங்கலாமா?

பதில்: தாராளமாக. க்டெனாஸ் என்ற முதிய பாதிரியார், பேரரசர் ஆறாம் லியோவிடம் சுமார் 60 ராத்தல் பொன் பெறுமானம் கொடுத்துப் புரோட்டோஸ்பதாரியோஸ் ஆனார். ஆண்டுச் சம்பளம் 1 ராத்தல். இரண்டே ஆண்டில் இறந்துபோனார். பட்டம்தான் வாங்கினார், பதவியை அல்ல. (மேலே சொன்னேனே!)

கேள்வி: அண்ணகர்கள் (விதை நீக்கப்பட்ட ஆண்கள்) எதுவரை உயரலாம்?

பதில்: அரியணையும் சில பதவிகளும் தவிர எல்லாம். பேரரசரின் பள்ளியறைக் காவலரான பசில் லெகபெனோஸ் 985 வரை ஆட்சியையே நடத்தினார்.

கேள்வி: பேரரசர் அலெக்சியோஸ் கொம்னேனோஸின் மகள் அன்னா கொம்னேனே ஏன் கணவரின் பிரியென்னியோஸ் பெயரைச் சூடவில்லை?

பதில்: பிறந்த வீட்டுப் பெயர் அதைவிடப் பெரியது.