வாசகர் கேள்வி பதில்: பாதியில் நிற்கும் ஸ்வெட்டர்

சென்ற இதழில் உல்லன் பின்னலைப் பற்றி ஓரிரு வரிகள் எழுதியதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கழுத்து வளைவை எப்படிக் குறைப்பது, எந்த நூல் குழந்தைக்கு உறுத்தாது என்பன போன்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, துன்பமான நாட்களில் ஊசியைக் கையில் எடுத்தவர்கள் எழுதியவற்றுக்கு மட்டும் இம்முறை பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஏழு மாதங்களாக என் தாயார் நோயுற்றிருக்கிறார், அவற்றில் மூன்று வாரங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அவர் வீடு திரும்பும்போது போட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு கார்டிகன் (முன்புறம் திறக்கும் ஸ்வெட்டர்) பின்னத் தொடங்கினேன். முதல் மாதம் என்னைத் தாங்கியது அந்த வேலைதான். இப்போது அதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. வீட்டில் பின்னிய முன்பகுதிகள் இரண்டும் சரியான அளவில் வந்தன. வார்டுக்கு வெளியே உட்கார்ந்து பின்னிய பின்பகுதி மட்டும், அதே நூல், அதே ஊசி, அதே 99 கண்ணிகள் (பின்னல் வளையங்கள்) இருந்தும், 45 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பதிலாக 41 சென்டிமீட்டர்தான் வருகிறது. மூன்று முறை அவிழ்த்தாகிவிட்டது. மூன்றாம் முறை அவிழ்த்தபோது அழுதுவிட்டேன். "ஒரு ஸ்வெட்டருக்கா அழுகிறாய்?" என்கிறார் கணவர். இந்த வேலையை விட்டுவிடட்டுமா? – ஒரு வாசகி

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம், அழுகைக்குப் பிறகு வருகிறேன். 99 கண்ணிகள் 45 சென்டிமீட்டரை நிரப்பினால் பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் விழுகின்றன என்று பொருள். அதே 99 கண்ணிகள் 41 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் பத்து சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 24 கண்ணிகள் விழுகின்றன. பத்து சென்டிமீட்டரில் இரண்டு கண்ணிகள் கூடியதுதான் உங்களை மூன்று முறை அவிழ்க்க வைத்திருக்கிறது. ஊசியும் நூலும் மாறவில்லை என்கிறீர்கள். அப்படியானால் மாறியது நூலை இழுக்கும் விரல். எந்தப் பகுதியை எங்கே உட்கார்ந்து பின்னினீர்கள் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கதவு எப்போது திறக்கும், யார் என்ன சொல்வார்கள் என்று காத்திருக்கும் ஒருவரின் தோள்கள் தாமாகவே உயர்ந்திருக்கும், விரலைச் சுற்றிய நூல் இறுகியிருக்கும், ஒவ்வொரு கண்ணியும் மயிரிழை அளவு சிறுத்திருக்கும். ஒரு கண்ணியில் அது கண்ணுக்குத் தெரியாது. தொண்ணூற்றொன்பது கண்ணிகள் சேரும்போது நான்கு சென்டிமீட்டராகிவிடும். பின்னல் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மாதிரிக்கு ஒரு சதுரம் பின்னி, கழுவிக் காயவைத்து, அளந்து பார்த்த பிறகே ஆடையைத் தொடங்க வேண்டும் என்று ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். ஆனால் நிம்மதியான ஒரு மாலையில் பின்னிய சதுரம் மருத்துவமனை நாற்காலியில் உட்காரும் கைக்குச் சாட்சி சொல்லாது என்பதை அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் சேர்த்துச் சொல்வதில்லை.

ஆகவே நான்காம் முறை அதே ஊசியை எடுக்காதீர்கள். இப்போது 4 மில்லிமீட்டர் ஊசி வைத்திருந்தால், காத்திருக்கும் இடங்களுக்கென்று 4.5 மில்லிமீட்டர் ஊசி ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, பத்து வரிசை பின்னியதும் அளந்து பாருங்கள். கையைத் தளர்த்திப் பின்னு என்று மனத்துக்குக் கட்டளையிடுவதைவிட ஊசியை மாற்றுவது எளிது. நனைத்து இழுத்துப் பரப்பி உலர்த்தினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லக்கூடும். அசல் கம்பளி நூல் ஓரளவுக்கு இடம் கொடுக்கும் என்றாலும், நான்கு சென்டிமீட்டரை அதனிடம் நம்பி ஒப்படைக்க முடியாது. அக்ரிலிக் நூலானால் அந்த நம்பிக்கையே வேண்டாம்.

அவிழ்ப்பதற்கு முன் இன்னொன்று. ஏழு மாத நோய்க்குப் பிறகு உங்கள் தாயாரின் உடல், நீங்கள் அளவெடுத்த அதே உடலாக இருக்குமா? அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். இப்போது அவருக்குச் சரியாக இருக்கும் ஒரு ரவிக்கையையோ இரவு உடையையோ தரையில் விரித்து அளந்து பாருங்கள். முன்பகுதிகள் இரண்டும் சேர்ந்து 45, பின்பகுதி 41 என்றால் சுற்றளவு 86 சென்டிமீட்டர் வருகிறது. அவருடைய மார்பளவு இப்போது 80 சென்டிமீட்டருக்குள் இருந்தால், ஆறு சென்டிமீட்டர் தளர்வு தாராளமாகப் போதும். பக்கத் தையல் இருபுறமும் சற்றுப் பின்னால் தள்ளி விழும், அவ்வளவுதான். குறை என்று நீங்கள் அவிழ்த்த அந்தப் பகுதியே இன்றைய உடலுக்குச் சரியாக இருந்திருக்கக்கூடும் என்பதை எழுதவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் நான்காம் முறை அவிழ்ப்பதைத் தடுக்குமே என்று எழுதிவிட்டேன்.

இப்போது அழுகை. அது ஸ்வெட்டருக்கான அழுகையே அல்ல, தாயாரை நினைத்து வந்தது என்று பலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதில் பாதிதான் உண்மை என்பது என் எண்ணம். ஸ்வெட்டருக்காகவும்தான் அழுதீர்கள். அந்த ஏழு மாதங்களில் உங்கள் சொல்லைக் கேட்டது அது ஒன்றுதான். நோய் கேட்கவில்லை, மருந்து கேட்கவில்லை, நாட்கள் கேட்கவில்லை. ஒரு வரிசை பின்னினால் ஒரு வரிசை வளர்ந்தது. அதுவும் கைவிரித்தபோது அழுகை வராமல் என்ன செய்யும்? இதை உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

விட்டுவிடலாமா என்றால், வேண்டாம். ஆனால் வேலையைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆடைக்குள் இரண்டு விதமான வேலைகள் இருக்கின்றன. உடல்பகுதியின் நீண்ட சமவெளியில் கை தானாக ஓடும். கண் பாதி, காது முழுவதும் வேறிடத்தில் இருக்கலாம். மனத்தை அமைதிப்படுத்துவது அந்த ஒரே சீரான அசைவுதான். அக்குள் குறைப்பு, கழுத்து வளைவு, பொத்தான் துளைகள் ஆகியவை வேறு இனம். அவற்றுக்கு எண்ணிக்கையும் தெளிந்த தலையும் வேண்டும். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ வரக் காத்திருக்கும் மாலையில் கழுத்து வளைவைத் தொட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். அத்தகைய நேரத்துக்கு அளவே தேவைப்படாத ஒரு சால்வையைப் பையில் வைத்திருங்கள். கார்டிகன் வீட்டிலேயே இருக்கட்டும். (சிலருக்கு இது தலைகீழாகவும் அமையும்: எட்டு வரிசைக்கு ஒருமுறை திரும்பிவரும் நுணுக்கமான பூவேலையை எண்ணிக்கொண்டிருந்தால்தான் மற்ற எண்ணங்களுக்கு இடமிருக்காது என்பார்கள். நீங்கள் எந்த வகை என்பது ஒரு வாரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.)

கேள்வி: பின்னல் மனத்துக்கு நல்லது என்பதற்கு ஆய்வு ஏதும் உண்டா, அல்லது எல்லாம் வெறும் பேச்சா? – ஒரு வாசகர்

பதில்: உண்டு. 2013-இல் பிரிட்டனின் செயல்வழிச் சிகிச்சை (occupational therapy) இதழ் ஒன்றில் வெளியான கணக்கெடுப்பில், பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னல்காரர்கள் பதிலளித்தனர். அடிக்கடி பின்னுபவர்கள் அமைதியும் மகிழ்ச்சியும் மிகுதியாக உணர்வதாகக் கூறினர். ஆனால் பதிலளித்தவர்கள் அனைவரும் ஏற்கெனவே பின்னலில் பிடிப்புள்ளவர்கள். வெறுத்துப்போய் ஊசியைப் பரணில் போட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அதனால் அதை ஊக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள், மருந்துச்சீட்டாக அல்ல. தூக்கமும் பசியும் கெட்டு வாரக்கணக்கில் ஆகிவிட்டதென்றால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். போகும்போது பின்னலையும் எடுத்துச் செல்லலாம்.

கேள்வி: நான் நிம்மதிக்காகத்தான் பின்னுகிறேன். கை நீண்டாலும் கழுத்து இறுகினாலும் எனக்குக் கவலையில்லை. இதற்குப்போய் ஏன் அளவு, மாதிரி என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டும்? – ஒரு வாசகி

பதில்: அந்த ஆடையை யார் அணியப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. முதல் உலகப் போரின்போது போர்முனையில் இருந்தவர்களுக்காக வீடுகளில் எண்ணற்ற காலுறைகள் பின்னப்பட்டன. பின்னியவர்களின் தவிப்பை அந்த வேலை தணித்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கால்விரல் நுனியில் தையல் மேடிட்டிருந்த காலுறை, ஈரத்திலும் சேற்றிலும் நடந்தவரின் காலை உராய்ந்து புண்ணாக்கியது. இரண்டு பக்கக் கண்ணிகளையும் மேடு தெரியாமல் ஒன்றாகக் கோத்து முடிக்கும் முறை இன்றும் அக்காலத்துப் படைத்தலைவர் கிச்சனரின் பெயரால் வழங்குகிறது. பின்னியவரின் நிம்மதி வேறு, அணிந்தவரின் கால் வேறு. உங்களுக்கு நிம்மதி மட்டும் போதுமென்றால் சால்வை, போர்வை, பாத்திரம் பிடிக்கும் துணி என்று அளவு கேட்காத பொருட்கள் நிறைய இருக்கின்றன. ஸ்வெட்டர் என்று வந்துவிட்டால் அதற்குள் ஓர் உடல் நுழைந்தாக வேண்டும். நானே மாதிரிச் சதுரம் பின்னும் சோம்பலால் ஒரு ஸ்வெட்டரை முழுவதும் பின்னி முடித்து, போட்டுப் பார்த்தபோது அதற்குள் இன்னொருவரும் வசதியாகக் குடியிருக்கலாம் என்று கண்டுகொண்டவன்.

கேள்வி: வேலை போன பிறகு, பகலெல்லாம் அலைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர்க்க என் அக்காவிடம் பின்னல் கற்றேன். உறவினர்கள் சிரிக்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், முப்பது வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி நழுவியிருப்பதை நேற்றுப் பார்த்ததும் ஊசியைத் தூக்கி எறிந்துவிட்டேன். – ஒரு வாசகர்

பதில்: சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி: சில நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பிய நகரங்களில் பின்னல் ஆண்களின் கைவினைஞர் கழகங்களுக்கு உட்பட்ட கைத்தொழிலாக இருந்தது, சில ஊர்களில் ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்று, வண்ண நூல்களால் பெரிய விரிப்பொன்றைப் பின்னிக் காட்டிய பிறகே ஒருவர் தேர்ந்த கைவினைஞராக ஏற்கப்பட்டார். முதல் உலகப் போரில் காயமுற்ற படைவீரர்களும் மருத்துவமனைப் படுக்கையில் பின்னியிருக்கிறார்கள். இதற்கு மேல் அவர்களுக்குப் பதில் தேவையில்லை.

ஊசியைத் தேடி எடுத்துவிட்டீர்களா? முப்பது வரிசையையும் அவிழ்க்க வேண்டியதில்லை. நழுவிய கண்ணிக்கு நேர்மேலே ஏணிப்படிகள் போலக் குறுக்கு இழைகள் தெரியும். கொக்கி முனையுள்ள ஒரு குரோஷா ஊசியால் அந்தக் கண்ணியைப் பிடித்து, முதல் படி இழையை அதன் வழியே இழுங்கள். புதிய கண்ணி கிடைக்கும். அப்படியே படிப்படியாக மேலே ஏறி வந்து, கடைசிக் கண்ணியை இடப்புற ஊசியில் மாட்டிவிடுங்கள். நேரான பின்னலில் இது பத்து நிமிட வேலை. மேலேறி வந்த அந்தச் செங்குத்து வரி இரண்டு நாட்களுக்குச் சற்று இறுக்கமாகத் தெரியும், கழுவினால் மறைந்துவிடும். இனிமேல் இருபது வரிசைக்கு ஒருமுறை வேறு நிறத்து மெல்லிய நூலைத் தையல் ஊசியில் கோத்து எல்லாக் கண்ணிகளின் வழியாகவும் ஓட்டிவையுங்கள். தவறு நேர்ந்து அவிழ்க்க வேண்டி வந்தாலும் பின்னல் அந்த நூலைத் தாண்டிக் கீழே இறங்காது. வேலை போனவருக்கு நான் சொல்லக்கூடிய ஆறுதல் அதிகமில்லை. ஆனால் இந்தத் தொல்லை உங்கள் இரு கைகளாலேயே தீரக்கூடிய தொல்லை என்பதால்தான் இதைச் சற்று விரிவாக எழுதினேன்.

கேள்வி: கவலை வந்தால் இரவு இரண்டு மணி வரை பின்னுகிறேன், மணிக்கட்டு வலிக்கிறது. – ஒரு வாசகி

பதில்: நிறுத்துங்கள். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து விரல்களை விரித்து மடக்குங்கள். கம்பி இணைத்த வட்ட ஊசிக்கு மாறினால் ஆடையின் எடை மணிக்கட்டில் தொங்காமல் மடியில் இறங்கிவிடும். விரல்கள் மரத்துப்போனால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: என் தந்தைக்காக ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தேன். உடல்பகுதி முடிந்தது; ஒரு கை பாதியில் இருக்கும்போது அவர் மறைந்துவிட்டார். ஓராண்டாகிறது. முடிக்கவும் மனமில்லை, அவிழ்க்கவும் மனமில்லை. ஊசியோடு அப்படியே அலமாரியில் இருக்கிறது. என்ன செய்வது? – ஒரு வாசகி

பதில்: எதையும் செய்யாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, அதற்கு ஓராண்டு என்ற கெடு கிடையாது. முடித்தால்தான் மனம் ஆறும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. முடித்துத் தம்பிக்கோ மகனுக்கோ கொடுத்தவர்களும் உண்டு. ஆனால் வேறொருவர் தோளில் அதைப் பார்க்கும்போது எப்படியிருக்கும் என்பதை ஒருமுறை நினைத்துப் பார்த்த பிறகே அதைத் தொடங்குங்கள்.

அவிழ்ப்பதைப் பாவமாகவும் எண்ண வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு இருந்தபோது, பழைய கம்பளி ஆடைகளை அவிழ்த்து அந்த நூலிலேயே புதியவை பின்னுவது வீட்டு வழக்கமாக இருந்தது. யாருடைய ஆடை யாருடையதாக மாறியது என்பதற்கு அந்த வீடுகளில் கணக்கே இருந்திராது. என்றைக்காவது அப்படித் தோன்றினால், அவிழ்த்த நூலை நாற்காலியின் முதுகில் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, முறுக்காமல் பிழிந்து, தொங்கவிட்டு உலர்த்துங்கள். கம்பளி நூலானால் சுருளெல்லாம் நீங்கி நேராகிவிடும்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலையை மட்டும் செய்யச் சொல்வேன், ஊசியை எடுத்துவிடுங்கள். நீண்ட நாள் ஊசியில் தங்கிய கண்ணிகள் இழுபட்டுக் கோணலாகிவிடும். மெல்லிய பருத்தி நூலில் கண்ணிகளை மாற்றி முடிச்சிட்டு, வியர்வைக் கறையிலும் உணவுக் கறையிலும் அந்துப்பூச்சி தங்கும் என்பதால் ஒருமுறை மென்மையாக அலசி நன்றாக உலர்த்தி, மூடிய பையில் வையுங்கள். ஊசியின் எண்ணையும், எத்தனையாவது வரிசையில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி, மீதமிருக்கும் நூல்கண்டையும் சேர்த்து உள்ளே போட்டுவிடுங்கள். ஒரே தடவையில் சாயம் தோய்த்த அதே தொகுதி நூல் பிறகு கிடைக்காது.